குழந்தைகளின் ஆடுநாற்காலி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் அமெரிக்கப் பழந்தச்சு நாற்காலிகளைப் பற்றி வெளிவந்த கட்டுரைக்குப் பிறகு எங்களுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குழந்தைகளுக்கான ஆடுநாற்காலிகளைப் பற்றியே கேட்டிருந்தன. அவற்றுள் ஆறு கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு, இயன்றவரை விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன். நாற்காலிக் கால்களுக்கு அடியில் பொருத்தப்படும் வளைந்த கட்டையை ‘வளைகட்டை’ என்றும், கால்களை ஒன்றோடொன்று இணைக்கும் கம்பைக் ‘குறுக்குக் கம்பு’ என்றும், அந்தக் கம்பின் நுனியில் துளைக்குள் செல்லும் பகுதியை ‘முளை’ என்றும் இந்தப் பதில்கள் முழுவதிலும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: பக்கத்து ஊரில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது நடந்த சாமான் விற்பனையில் குழந்தைகளுக்கான ஆடுநாற்காலி ஒன்றை வாங்கினேன். முதுகில் மூன்று பட்டைகள் உள்ளன. இருக்கை துணி நாடாவால் பின்னப்பட்டிருக்கிறது. விற்றவர் இது ‘ஷேக்கர்’ நாற்காலி என்றார். அது உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— ஒரு வாசகி, நியூ ஜெர்சி

பதில்: ஷேக்கர்கள் என்போர் ஆன் லீ என்ற பெண்மணியின் தலைமையில் 1774இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா வந்து சேர்ந்த ஒரு சிறிய கிறித்தவக் குழுவினர். உடைமைகளைப் பொதுவில் வைத்துக்கொண்டு, மணம் செய்துகொள்ளாமல், ஆண்களும் பெண்களும் தனித்தனியே கூடி வாழ்ந்த அவர்கள், உழைப்பை வழிபாட்டின் ஒரு பகுதியாகவே கருதினார்கள். மணம் புரியாதவர்களுக்குக் குழந்தை நாற்காலி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஆதரவற்ற குழந்தைகளையும், பெற்றோர் கொண்டுவந்து ஒப்படைத்த குழந்தைகளையும் அவர்கள் தங்கள் ஊர்களில் வளர்த்தார்கள். ஆகவே சிறிய உடலுக்கேற்ற நாற்காலியும் மேசையும் அவர்களுடைய அன்றாடத் தேவைகளாக இருந்தன. அதோடு, தங்கள் சமூகத்துக்கு வெளியே இருந்த மக்களுக்கு நாற்காலி செய்து விற்பது அவர்களுடைய முக்கியமான வருவாய்களுள் ஒன்று.

நியூயார்க் மாநிலத்தின் மவுண்ட் லெபனான் என்ற ஷேக்கர் ஊரில், ராபர்ட் வேகன் என்பவரின் பொறுப்பில், 1860களுக்குப் பிறகு இந்தத் தொழில் பெரிதாக வளர்ந்தது. 1876இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த அமெரிக்க விடுதலை நூற்றாண்டுப் பொருட்காட்சியிலும் அவர்களுடைய நாற்காலிகள் வைக்கப்பட்டன. அவர்கள் நாற்காலிகளை 0 முதல் 7 வரை எண்ணிட்டு அளவு பிரித்தார்கள். 0 என்பது மிகச் சிறிய குழந்தைக்கு, 7 என்பது நன்கு வளர்ந்த ஆளுக்கு. எனவே முதலில் உங்கள் நாற்காலியின் முதுகுப் பட்டைகளுள் மேலே உள்ளதன் பின்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அங்கே ஓர் எண் பதிந்திருக்கக்கூடும். அடுத்து, வளைகட்டையின் உட்புறத்தையும் பட்டைகளின் பின்புறத்தையும் பாருங்கள். ஷேக்கர்களின் வணிக முத்திரை, ஆடுநாற்காலியின் சிறு படத்தோடும் மவுண்ட் லெபனான் என்ற ஊர்ப் பெயரோடும், பொன்னிறத்தில் ஒட்டுப்படமாக அங்கே இடப்பட்டிருக்கும். அவர்களுடைய நாற்காலிகள் பெயர் பெற்றதும் மற்ற நிறுவனங்கள் அதே தோற்றத்தில் செய்து விற்கத் தொடங்கின. அசலை அடையாளம் காட்டுவதற்கென்றே இந்த முத்திரை வந்தது.

முத்திரை இல்லை என்பதற்காக மனம் தளர வேண்டாம். நூறாண்டுக்கு மேல் துடைத்துத் துடைத்து அழிந்திருக்கலாம். முத்திரை வழக்கத்துக்கு வருவதற்கு முன்பு செய்யப்பட்டதாகவும் இருக்கலாம். அப்போது வேலைப்பாட்டைத்தான் நம்ப வேண்டும். கைப்பிடி உள்ள நாற்காலியாக இருந்தால், முன்கால்களின் மேல்நுனி கைப்பிடியைத் துளைத்து மேலே வந்து, அதன் தலையில் காளான் போன்ற வட்டமான மூடி அமர்ந்திருக்கும். பின்கால்களின் உச்சியில் உள்ள குமிழ் ஓக் மரத்தின் கொட்டையைப் போல ஒடுங்கி எழும்; அல்லது குமிழுக்குப் பதிலாக, மெத்தை கட்டித் தொங்கவிடுவதற்கென ஒரு வளைந்த கம்பு இரு கால்களையும் மேலே இணைக்கும். மரம் பெரும்பாலும் மேப்பிள். போலிகளில் நான் முதலில் கவனிப்பது கனத்தைத்தான். ஷேக்கர் தச்சர் தேவைக்கு மேல் ஒரு நூலிழை அளவும் மரத்தை விட்டுவைப்பதில்லை. நாற்காலியை ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

நாடா இருக்கை புதிதாக மாற்றப்பட்டிருந்தால் அதை ஒரு குறையாகக் கருத வேண்டியதில்லை. தேய்ந்தால் மாற்றிக்கொள்வதற்காகவே அது நாடாவால் பின்னப்பட்டது. பழைய கம்பளி நாடாவின் நூல் ஏதேனும் இருக்கைக் கம்பில் இன்னும் சிக்கிக்கொண்டிருந்தால் மட்டும் அதை எறிந்துவிடாதீர்கள். முதலில் அது என்ன நிறத்தில் இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேறில்லை.

கேள்வி: நான் முப்பது ஆண்டுகளாகத் தச்சு வேலை செய்து வருகிறேன். தேக்கை நன்றாக உலர வைத்த பிறகே நாங்கள் உளி வைப்போம். அமெரிக்கப் பழைய நாற்காலிகளை ஈர மரத்தில் செய்தார்கள் என்றும், ஆணியும் பசையும் இல்லாமலே அவை நிற்கின்றன என்றும் சென்ற இதழில் படித்தேன். ஈர மரம் சுருங்கினால் மூட்டு கழன்றுவிடாதா?
— ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: இந்த மாதம் வந்த கேள்விகளிலேயே எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது உங்களுடையதுதான், ஐயா. தொழில் தெரிந்தவரிடமிருந்துதான் இப்படி ஒரு கேள்வி வர முடியும். மரம் முழுவதும் ஈரமாக இருந்தால் நீங்கள் சொல்வதுபோல மூட்டு கழன்றுவிடும். ஆனால் அந்தத் தச்சர்கள் எல்லா உறுப்புகளையும் ஒரே ஈரத்தில் வைத்துக்கொள்ளவில்லை. அவர்களுடைய திறமை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

கால்களாகப் போகும் மரத்தில் ஓரளவு ஈரத்தை விட்டுவைத்தார்கள். குறுக்குக் கம்புகளை அடுப்புக்கு அருகிலோ சூடான மணலிலோ வைத்து, இனி உலர இடமில்லை என்னும் அளவுக்கு உலர்த்தினார்கள். பிறகு ஈரமான காலில் துளையிட்டு, உலர்ந்த முளையை அடித்து இறக்கினார்கள். அடுத்த சில வாரங்களில் இரண்டு மாற்றங்கள் நிகழும். மிகையாக உலர்ந்திருந்த முளை காற்றிலும் காலிலும் உள்ள ஈரத்தை உறிஞ்சிச் சற்று உப்பும். ஈரமாக இருந்த கால் உலர்ந்து, தன் துளையைச் சுருக்கி, முளையை இறுக்கிப் பிடிக்கும். பசை செய்ய வேண்டிய வேலையை மரமே செய்துவிடுகிறது. சில தச்சர்கள் இதற்கு மேலும் ஒரு படி சென்றார்கள். முன்னும் பின்னும் செல்லும் கம்புக்கான துளை, இடமும் வலமுமாகச் செல்லும் கம்பின் முளையைச் சிறிது கவ்வி வெட்டும்படி அதைச் சற்று ஒட்டித் துளைத்தார்கள். இரண்டாவது முளை உள்ளே இறங்கியதும் முதல் முளைக்கு அதுவே தாழ்ப்பாளாகிவிடும். காலைப் பிளக்காமல் அதை உருவி எடுக்க முடியாது.

தேக்கில் நீங்கள் இந்த முறையைக் கையாளாததற்கும் காரணம் உண்டு. ஈர நிலையிலிருந்து முற்றிலும் உலர்ந்த நிலைக்கு வரும்போது, மேப்பிள் மரம் ஆண்டு வளையங்களின் போக்கில் ஏறத்தாழ 10 விழுக்காடும், வளையங்களுக்குக் குறுக்காக ஏறத்தாழ 5 விழுக்காடும் சுருங்குகிறது. தேக்கு அவ்வாறே சுருங்கும் அளவு முறையே 6 விழுக்காட்டுக்கும் 3 விழுக்காட்டுக்கும் உள்ளேதான். கதவும் நிலையும் பெட்டியும் செய்பவருக்குச் சுருங்காத மரமே செல்வம். அதனால் நம் நாட்டில் தேக்கு மன்னனாயிற்று. அமெரிக்க நாற்காலித் தச்சர்களோ தங்கள் காட்டில் கிடைத்த, அதிகம் சுருங்கும் மரங்களின் அந்தக் குணத்தையே கருவியாக்கிக்கொண்டார்கள்.

மேலே சொன்ன இரண்டு சுருக்கங்களும் சமமாக இல்லாததால் வாங்குபவருக்கும் ஒரு நன்மை உண்டு. ஈரமாக இருக்கும்போது கடைசலில் வட்டமாகக் கடைந்த கால், உலர்ந்த பின் முட்டை வடிவாகிவிடும். 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழந்தை நாற்காலியின் காலில் ஒரு பக்க அளவுக்கும் மறுபக்க அளவுக்கும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வரை வேறுபாடு இருக்கலாம். விரல்களுக்கிடையே உருட்டினாலே உணரலாம்; காலிப்பர் வைத்து அளந்தால் ஐயமின்றித் தெரியும். எந்தப் பக்கம் அளந்தாலும் துல்லியமான வட்டமாக இருக்கும் கால், உலர்ந்த மரத்தில் இயந்திரம் கடைந்ததாகவே பெரும்பாலும் இருக்கும்.

விண்ட்சர் வகை நாற்காலிகளில் இதே அறிவு வேறொரு வடிவம் எடுத்தது. அங்கே இருக்கை ஒரே பலகை. பெரும்பாலும் மென்மையான பைன் அல்லது டியூலிப் பாப்ளர். அது எளிதில் குடையக்கூடியது என்பதால் உடலுக்கேற்ற குழிவு அதில் அமையும். கால்கள் கடைசலுக்கு இசைந்த மேப்பிள். முதுகுக் குச்சிகளும் வளைவும் ஹிக்கரி, ஆஷ், ஓக் போன்ற, முறியாமல் வளையும் மரங்கள். இத்தனை மரங்களின் நிறவேறுபாடும் தெரியாதிருக்க நாற்காலி முழுவதும் வண்ணம் பூசினார்கள். பழைய விண்ட்சர் நாற்காலிகளில் பச்சை மிகுதியாகக் காணப்படுகிறது. குச்சிகளை ரம்பத்தால் அறுக்காமல், கட்டையை நார்வழியே பிளந்து, காலால் மிதித்தால் மரத்தைக் கவ்விக்கொள்ளும் இருக்கையில் அமர்ந்து, இரு கைப்பிடி கொண்ட கத்தியால் இழுத்து இழுத்துச் சீவினார்கள். நார் எங்கும் அறுபடாததால் சுண்டுவிரல் பருமன் உள்ள குச்சியும் ஒரு குழந்தையின் முழு எடையையும் தாங்கும்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குழந்தை நாற்காலி என்பது பெரியவர் நாற்காலியை அப்படியே பாதியாகக் குறைத்தது அன்று. உயரத்தையும் அகலத்தையும் பாதியாக்கலாம். காலின் பருமனைப் பாதியாக்கினால் துளையைச் சுற்றி மரமே மிஞ்சாது. மேலும், பெரியவர்கள் நாற்காலியில் அமர்கிறார்கள். குழந்தைகளோ அதில் ஏறுகிறார்கள், நிற்கிறார்கள், கவிழ்த்துப் போட்டுத் தள்ளிக்கொண்டு வீடெங்கும் ஓடுகிறார்கள். இதை அறிந்த தச்சர் உயரத்தைக் குறைத்து, பருமனைக் குறைக்காமல், கால்களைச் சற்று அகட்டி வைத்தார். நல்ல குழந்தை நாற்காலி சற்றுக் கட்டையாக, உறுதியாகக் கால் ஊன்றி நிற்பதுபோல் தோன்றுவது அதனால்தான். இந்த அளவுக் கணக்கை அவர்களுள் பலர் எழுதி வைக்கவில்லை. ஒரு பழைய நாற்காலியைக் கையில் எடுத்து அளக்கும்போதுதான் அந்த முடிவுகள் ஒவ்வொன்றாகத் தெரியவருகின்றன.

கேள்வி: ஆடுநாற்காலியைக் கண்டுபிடித்தவர் பெஞ்சமின் ஃபிராங்ளின் என்று பள்ளியில் என் மகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அது சரியா? மேலும், சாதாரண நாற்காலிக்குப் பிற்காலத்தில் வளைகட்டை பொருத்தியிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?
— ஒரு வாசகர், டெக்சாஸ்

பதில்: ஃபிராங்ளினைப் பற்றிய கதைக்குச் சான்று இல்லை. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அமெரிக்கக் குடியேற்றங்களில், ஆடுநாற்காலி பெயர் தெரியாத பலருடைய கைகளில் உருவாகியிருக்கிறது. தொட்டிலுக்கும் ஆடுகுதிரைக்கும் வளைகட்டை பொருத்தும் வழக்கம் அதற்கு நெடுநாள் முன்பே இருந்தது. அதை நாற்காலிக்கும் கொண்டுவரத் தனியொரு மேதை தேவைப்படவில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்குக் காலின் அடிப்பகுதி பதில் சொல்லும். வளைகட்டைக்கென்றே செய்யப்பட்ட நாற்காலியில், வளைகட்டை செருகப்படும் இடத்தில் கால் ஒடுங்காமல், பல நேரங்களில் சற்றுப் பருத்தே இருக்கும். அங்கே ஒரு பிளவு வெட்டி, வளைகட்டையை நுழைத்து, மர ஆணியால் குறுக்கே பூட்டியிருப்பார்கள். அலைபோல் சுருண்ட இருக்கை கொண்ட பாஸ்டன் ஆடுநாற்காலி வகையில், கட்டை அகலமாக இருப்பதால், காலின் நுனியே முளையாகி அதன் துளைக்குள் இறங்கும். வளைகட்டை பிற்காலத்தில் பொருத்தப்பட்டதாக இருந்தாலோ, கீழே ஒடுங்கி முடியும் காலை வெட்டியிருப்பது தெரியும். கடைசலில் செய்த அலங்கார வளையம் பாதியில் அறுபட்டிருக்கும். மிகக் கீழே உள்ள குறுக்குக் கம்பு தரைக்கு மிக அருகில் வந்திருக்கும். வளைகட்டையின் வடிவமும் காலத்தைச் சொல்லும். பழைய கட்டைகள் குட்டையானவை. முன்னும் பின்னும் ஏறத்தாழ ஒரே அளவு நீண்டிருக்கும். ஆடும்போது பின்னால் கவிழும் ஆபத்தை உணர்ந்த பிறகு, பின்பகுதியை நீட்டினார்கள். ஷேக்கர் நாற்காலிகளிலும் மற்றவற்றிலும் காணப்படும் மெல்லிய, கூர்மையான கட்டைகளுக்குக் ‘கம்பளம் வெட்டி’ என்றொரு பெயரே வழங்கியது. அந்நாளைய வீட்டுத் தலைவியரின் மனக்குறை அந்தப் பெயரில் பதிந்திருக்கிறது.

ஆனால், வளைகட்டை பிற்காலத்தில் பொருத்தப்பட்டது என்பதாலேயே ஒரு நாற்காலி பொய்யாகிவிடாது. 1790இல் செய்த நாற்காலிக்கு 1820இல் ஒரு குழந்தை பிறந்ததும் வளைகட்டை பொருத்தியிருந்தால், அந்த மாற்றமும் அந்நாற்காலியின் உண்மையான வரலாறுதான். விற்பவர் அதை மறைத்தால் மட்டுமே அது தவறு. இணைப்பில் உள்ள திருகாணியைக் கழற்றிப் பாருங்கள். நுனி மழுங்கி இருந்தால் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்ததாக இருக்கலாம். கூர்நுனித் திருகாணிகள் 1840களின் பிற்பகுதியிலிருந்துதான் பரவலாயின. தலையில் கூட்டல் குறி போன்ற வெட்டு இருந்தால் அது 1930களுக்குப் பிந்தியது.

கேள்வி: கறுப்பு வண்ணத்தில் பொன்னிறப் பழங்களும் இலைகளும் வரைந்த சிறிய ஆடுநாற்காலி எங்கள் வீட்டில் இருக்கிறது. ஓவியம் பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டது. ஓர் ஓவியரைக் கொண்டு புதிதாக வரையலாமா?
— ஒரு வாசகி, இலினாய்

பதில்: வேண்டாம், இதை உங்களிடம் ஒரு வேண்டுகோளாகவே வைக்கிறேன். நீங்கள் வண்ணம் என்று கருதுவது தூரிகையால் தீட்டியதாக இருக்க வாய்ப்பு குறைவு. பழம், இலை வடிவங்களைத் துளையாக வெட்டிய அச்சுத்தாளை வார்னிஷ் முழுவதும் உலராமல் பசைபோல் ஒட்டும் நிலையில் இருக்கும்போது மேலே வைத்து, பித்தளை, வெண்கலப் பொடிகளைத் தோல் உறையிட்ட விரலாலோ சிறு துணிப் பொதியாலோ தேய்த்துப் பதித்தார்கள். பழத்தின் நடுவில் பொடியை அடர்த்தியாகவும் விளிம்பில் மெலிதாகவும் விட்டு, ஒரே நிறத்தில் உருண்டைத் தோற்றத்தைக் கொண்டுவந்தார்கள். அதனடியில் இருக்கும் கறுப்பும் வெறும் கறுப்பு அன்று. சிவப்புப் பூச்சின் மேல் கறுப்பை இழுத்து, விலையுயர்ந்த ரோஸ்வுட் மரத்தின் கோடுகளைப் போலத் தோன்றச் செய்திருப்பார்கள். சற்றுத் தேய்ந்த இடத்தில் சிவப்பு எட்டிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள்.

இத்தகைய நாற்காலிகளில் பெயர் பெற்றவர் கனெக்டிகட் மாநிலத்தின் லாம்பர்ட் ஹிட்ச்காக். 1818இல் நாற்காலி உறுப்புகளைச் செய்து விற்கத் தொடங்கிய அவர், 1820களின் நடுவில் நீராற்றலால் இயங்கும் தொழிற்சாலை ஒன்றை நிறுவி முழு நாற்காலிகளையும் செய்தார். அச்சுத்தாள் வேலையில் பெண்களும் சிறுவர்களும் ஈடுபட்டிருந்தார்கள். அவருடைய நாற்காலிகளின் இருக்கைப் பின்விளிம்பில் அவர் பெயரும், ஹிட்ச்காக்ஸ்வில் என்ற ஊர்ப் பெயரும், உத்தரவாதம் தரும் ஒரு சொல்லும் அச்சிடப்பட்டிருக்கும். உங்கள் நாற்காலியிலும் தேடிப் பாருங்கள். இருக்கை பின்னால் மேல்நோக்கியும் முன்னால் கீழ்நோக்கியும் அலைபோல் சுருண்டிருந்தால், அது 1820களுக்குப் பின் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்து முழுவதும் பரவிய பாஸ்டன் ஆடுநாற்காலியின் குழந்தை வடிவம்.

தேய்ந்த இடங்களைப் படிக்கக் கற்றுக்கொண்டால் அவற்றை மூட உங்களுக்கு மனம் வராது. கைப்பிடியின் முன்நுனியில் சிறு கைகள் பற்றிய இடம், முன் குறுக்குக் கம்பின் மேல் குதிகால்கள் உரசிய இடம், பின்னால் சாய்ந்து சுவரில் இடித்த குமிழ் ஆகியவை இயல்பாகத் தேயும். கை படாத இடத்தில் வண்ணம் உரிந்து, கை படும் இடத்தில் பளபளப்பாக இருந்தால்தான் ஐயப்பட வேண்டும். உலர்ந்த மென்துணியால் தூசி துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உரியும் செதில்களை ஒட்ட வேண்டியிருந்தால் அருங்காட்சியகப் பொருள்களைப் பேணும் பயிற்சி பெற்றவரிடம் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் பிரம்பு ஆடுநாற்காலி அமெரிக்காவில் செய்யப்பட்டது என்கிறார்கள். அமெரிக்காவில் பிரம்பு விளையாதே?
— ஒரு வாசகர், பினாங்கு

பதில்: விளையாது, தென்கிழக்கு ஆசியாவிலிருந்துதான் சென்றது. ஆசியாவிலிருந்து பாஸ்டன் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களில், சரக்கு நகராமலிருக்க இடையிடையே பிரம்பைத் திணித்திருந்தார்கள். சரக்கை இறக்கியதும் அதைக் கரையில் குவித்து எறிந்தார்கள். சைரஸ் வேக்ஃபீல்டு என்ற வணிகர் 1840களில் அதைக் கண்டு வாங்கி விற்கத் தொடங்கி, 1855இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிரம்புத் தொழிற்சாலையையும் நிறுவினார். அந்த ஊர் 1868இல் அவர் பெயரையே ஏற்றது. நாற்காலி நகரம் என்று புகழ் பெற்ற கார்ட்னர் ஊரின் ஹேவுட் சகோதரர்களின் நிறுவனமும் இவருடைய நிறுவனமும் 1897இல் ஒன்றாயின. பிரம்பின் மேல்தோலை உரித்து இருக்கை பின்னினார்கள். முன்பு வீணாகிய உட்சோற்றை நீண்ட இழைகளாக்கி முதுகிலும் கைப்பிடியிலும் சுருள்களாகப் பின்னினார்கள். விக்டோரியா காலக் குழந்தை நாற்காலிகளில் காணும் இதய வடிவங்களும் சுருள்களும் அந்த உட்சோற்றின் வேலை.

உங்கள் நாற்காலியை நனைப்பதற்கு முன் ஓர் இழையின் வெட்டிய நுனியைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். நுண்துளைகள் தெரிந்தால் பிரம்பு. முறுக்கிய தாள் போலிருந்து, செங்குத்து இழைகளுக்குள் கம்பி தெரிந்தால், அது மிச்சிகன் மாநிலத்தின் மார்ஷல் லாயிட் 1917இல் காப்புரிமை பெற்ற தாளிழைப் பின்னல். பிரம்பு சிறிது ஈரத்தைத் தாங்கும். தாளிழை ஊறிப் பிரிந்துவிடும். கைப்பின்னலின் அழகைத் தாளிழைப் பின்னல் எட்டவில்லை என்பது என் கருத்து. என்றாலும், குழந்தையின் தோலைக் கீறும் நுனிகள் அதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கேள்வி: மாசசூசெட்ஸில் வாழும் என் மகன் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு பழைய குழந்தை ஆடுநாற்காலி ஒன்றைச் சென்னைக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். பழைய நீல வண்ணம் பூசியிருக்கிறது. என் இரண்டு வயதுப் பேரன் அதைவிட்டு இறங்க மாட்டேன் என்கிறான். அவனை அதில் உட்கார விடலாமா? குறுக்குக் கம்பு ஒன்றும் சற்று ஆடுகிறது.
— ஒரு வாசகி, சென்னை

பதில்: இப்போதைக்கு அவனை இறக்கிவிடுங்கள், அம்மா. காரணம் வண்ணம். அந்தக் காலத்து எண்ணெய் வண்ணங்களில் ஈயம் மிகுதியாகக் கலந்திருந்தது. அமெரிக்காவில் வீட்டு உபயோக வண்ணங்களில் அதற்குத் தடை வந்ததே 1978இல்தான். இரண்டு வயதுக் குழந்தை கைப்பிடியைக் கடிக்கும். கையை வாயில் வைக்கும். ஈயம் மிகச் சிறிய அளவில் உடலில் சேர்ந்தாலும் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வண்ணத்தை நீக்கிவிடலாம் என்று யாரேனும் சொன்னால் ஒருபோதும் இசையாதீர்கள். தேய்க்கும்போது பறக்கும் தூசிதான் எல்லாவற்றிலும் கொடியது. ஓர் ஆய்வகத்தில் வண்ணத்தைச் சோதிக்கக் கொடுங்கள். ஈயம் இருந்தால் அந்த நாற்காலி அவன் எட்டாத இடத்தில், ஒரு பெட்டியின் மேலோ அலமாரியிலோ இருக்கட்டும். அவன் வளர்ந்து விவரம் தெரிந்த பின் கையில் கொடுங்கள். இடையில் அதே அளவில் ஒரு புதிய நாற்காலியை நல்ல தச்சரிடம் செய்து வாங்குவது கடினமன்று.

ஈயம் இல்லையென்று தெரிந்து அமர விட்டாலும், இருக்கையில் ஏறி நிற்க விடக்கூடாது. வளைகட்டை என்பது ஒரு பெரிய வட்டத்தின் சிறு துண்டு. குழந்தையும் நாற்காலியும் சேர்ந்த எடையின் மையம் அந்த வட்டத்தின் மையத்துக்குக் கீழே இருக்கும்வரை, கட்டையின் நுனி தரையைத் தொடாத அளவு சாயும் நாற்காலி தானே மீண்டு வரும். அமர்ந்திருக்கும் குழந்தைக்காகத்தான் தச்சர் அந்த வளைவைத் தீர்மானித்தார். குழந்தை எழுந்து நின்றதும் எடையின் மையம் சட்டென்று மேலே போகிறது. அப்போது ஒரு சிறு சாய்வும் கவிழ்ப்பதற்குப் போதும்.

ஆடும் குறுக்குக் கம்பைப் பற்றி: காரைக்குடி வாசகருக்கு எழுதியதைப் படித்துப் பாருங்கள். சென்னையின் ஈரக்காற்றில் முளை உப்ப முயல்கிறது; துளை அதற்கு இடம் தராததால் முளையின் நார்கள் நசுங்குகின்றன. பிறகு குளிர்சாதன அறையின் உலர்ந்த காற்றில் அது சுருங்கும்போது, நசுங்கிய அளவுக்குத் தளர்ந்துவிடுகிறது. எனவே நாற்காலியைக் குளிர்சாதனக் காற்று நேரே படும் இடத்திலும் வெயில் விழும் சன்னலோரத்திலும் வைக்காதீர்கள். ஆணி அடிக்க வேண்டாம். அது காலைப் பிளக்கும். உடனே காய்ந்து இறுகும் செயற்கைப் பசைகளையும் விட வேண்டாம். அடுத்த முறை பிரித்துச் சரிசெய்ய முடியாமல் போகும். விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பழைய வச்சிரப் பசையை இளஞ்சூட்டில் வைக்கச் சொல்லுங்கள். வெந்நீரும் சூடும் பட்டால் அது மீண்டும் இளகும் என்பதால், நூறாண்டு கழித்து வரும் தச்சருக்கும் வழி திறந்திருக்கும்.

இன்னொன்று: நாற்காலிக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து ஒரு வாரம் வையுங்கள். தாளில் மாவு போன்ற மெல்லிய பொடி உதிர்ந்திருந்தால் மரத்துக்குள் வண்டு இருக்கிறது. மற்ற மரச் சாமான்களிலிருந்து அதை உடனே விலக்கி வைத்துவிட்டு, பழம்பொருள்களைப் பேணத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.